டாம் ஃபின்னியும் பிரெஸ்டன் நகரத்தாரும்

அரசர்களை நினைவிலிருத்துதற்குச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் உள. புலவர்களை நினைவிலிருத்துதற்கு அவர்தம் பாடல்கள் உள. சிற்பி மறைந்தாலும் கோயில் நிற்கின்றது. பந்தை உதைத்து விளையாடுவோன் ஒருவனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிந்து ஜனங்கள் வீடு திரும்பியவுடன் அவன் செய்த வித்தை காற்றோடு போய்விடுகின்றது. எஞ்சுவது கண்டார் நெஞ்சிற் பதிந்த தோற்றம் ஒன்றே. அங்ஙனமிருந்தும், 1960 ஆம் ஆண்டில் விளையாட்டை விட்ட ஒருவரை 2014 ஆம் ஆண்டில் அவர் மரித்தபோது ஓர் ஊர் முழுவதும் தெருவில் நின்று வழியனுப்பியதெனின், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அவ்வூர் இங்கிலாந்து தேசத்து லங்காஷயரிலுள்ள பிரெஸ்டன். அம்மனிதர் டாம் ஃபின்னி.

உதைபந்தாட்டக்காரர் ஒருவருடைய சரித்திரம் நம் சங்கத்துப் பத்திரிகைக்கு எற்றுக்கு என்று நேயர்களுள் முதியோர் சிலர் வினவக்கூடும். தேகப்பயிற்சியின் நன்மையைப் பற்றி வாலிபர்க்கு உபதேசம் செய்தல் நம் கருத்தன்று; அதைச் செய்வார் பலர் உளர். ஓர் ஊரார் தம்முள் ஒருவனை எவ்வாறு நினைக்கின்றனர், அந்நினைவில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. இஃது எல்லாச் சமூகத்தார்க்கும் பொதுவான விஷயமேயாகும்.

பிரெஸ்டன் ரிபிள் நதிக்கரையில் உள்ள பழைய நகரம். நீர்ச்சக்தியால் நூல் நூற்கும் யந்திரத்தை அமைத்துப் பெருஞ்செல்வரான ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்பவர் 1732 இல் பிறந்தது இவ்வூரிலேதான். அத்தகைய யந்திரங்களின் பயனாக லங்காஷயர் ஆலைகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய சீமைத்துணி நம் நாட்டுத் தறிகளை என்ன பாடு படுத்தியது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. 1931 இல் காந்தியடிகள் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றிருந்தபோது, பிரெஸ்டனுக்கு அணித்தான டார்வென் என்னும் ஊருக்குப் போய், அந்நியத்துணி பகிஷ்காரத்தால் வேலையிழந்த ஆலைத்தொழிலாளரை நேரிற் கண்டார். அவர்களும் அவரை அன்புடன் எதிர்கொண்டனர். அப்பொழுது நம் கதாநாயகர் பிரெஸ்டன் தெருக்களில் பந்துதைத்துக் கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவர். துணியால் வாழ்ந்து, துணியால் நலிந்து கொண்டிருந்த ஊர் அது என்பதை மாத்திரம் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வாராக.

ஆலைகளுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவு ஆலைகளிற் பெண்டிரும் சிறுவரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்தலாகாது என விதித்தது. அவர்களின்றி ஆலை ஓடாதாதலின் ஆடவர்க்கும் அப்பொழுதே விடுதலை கிடைத்தது. சனிக்கிழமை 3 மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் அவ்வாறு ஓய்வு பெற்ற மக்களைக் கொண்டு வளர்ந்ததேயாகும். 1888 இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி 'லீக்' என்னும் பந்தய முறையை ஏற்படுத்தின. அவற்றுள் பிரெஸ்டன் நார்த் எண்ட் என்னும் கழகம் ஒன்று. அம்முதலாண்டில் இக்கழகம் 22 ஆட்டங்கள் ஆடி, 18 இல் வென்று, 4 இல் சமனாகி, ஒன்றிலேனும் தோல்வியுறாது முதலிடம் பெற்றது. அவ்வாண்டே எஃப். ஏ. கோப்பையையும் ஒரு கோலும் விடாமல் வென்றது. 'வெல்லற்கரியார்' என்று அவ்வணியினரை நாடெங்கும் புகழ்ந்தனர். மறுவருஷமும் லீகில் முதலிடம் அவர்களுக்கே. அதன்பின் அப்பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. பாட்டன் காலத்துப் பெருமையைப் பேசிக்கொண்டு பேரன் காலத்தில் காத்திருக்கும் குடும்பத்தைப் போன்றது அக்கழகம். 1938 இல் எஃப். ஏ. கோப்பை மாத்திரம் மீண்டும் ஒருமுறை வந்தது.

டாம் ஃபின்னி 1922 ஏப்ரல் 5 இல், கழகத்தின் டீப்டேல் மைதானத்துக்கு மிக அருகான ஒரு வீட்டிற் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். தகப்பனார் ஆல்ஃப் என்பவர் சொற்பச் சம்பளத்தில் குமாஸ்தாவாயிருந்து பிள்ளைகளை வளர்த்தார். அக்காலத்தில் பிரெஸ்டன் அணியில் ஆடிய அலெக்ஸ் ஜேம்ஸ் என்னும் ஸ்காட்லாந்து தேசத்தவரே சிறுவர் டாமுக்கு ஆதர்சம். டாம் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிச் சிறுத்திருந்தார். இயல்பில் இடக்கால் பழக்கமுடையவர். இடைவிடாது வலக்காலால் உதைத்து உதைத்துப் பழகி, பிற்காலத்தில் எது இயற்கை, எது செயற்கை என்று காண்போர் அறியாதபடி இரண்டையும் ஒப்பாக்கிக் கொண்டார்.

பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டதும் அவரைக் குழாய் வேலை கற்கும் தொழிற்பயிற்சியிற் சேர்த்தனர். அதையடுத்துக் கழகத்தார் பிள்ளையின் திறமையைக் கண்டு மைதானத்து ஊழியராக அழைத்தபோது, தகப்பனார் இசையவில்லை. பந்தாட்டம் எத்தனை நாளைக்கு? ஒரு கால் ஒடிந்தால் என்ன கதி? கைத்தொழில் முற்றக் கற்ற பின்னரே மற்றவை என்று உறுதியாகக் கூறிவிட்டார். ஊரே போற்றும் கழகம் வாயிலில் வந்து அழைக்கையில், ஏழைத் தந்தை ஒருவர் 'பொறும்' என்று சொல்லுதல் எளிதன்று. மகனும் அதனை ஏற்று மாலை வேளைகளில் மாத்திரம் பந்துப் பயிற்சிக்குச் சென்று வந்தார். 1940 ஜனவரியில் கழகத்தின் சம்பள ஆட்டக்காரராகக் கையொப்பமிட்டார். அதற்குள் இரண்டாம் உலகப்போர் மூண்டுவிட்டது.

போர்க்காலத்தில் லீக் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. தற்காலிகப் பந்தயங்கள் மாத்திரம் நடந்தன. 1941 இல் யுத்தகாலக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், வெம்பிளி மைதானத்தில் ஆர்செனல் அணியை எதிர்த்து 19 வயதினரான ஃபின்னி ஆடினார். அவரை மறித்து நின்றவர் இங்கிலாந்து அணியின் தலைவராக விளங்கிய எட்டி ஹாப்குட். ஆட்டம் 1-1 எனச் சமனாயிற்று; பிளாக்பர்னில் நடந்த மறு ஆட்டத்தில் பிரெஸ்டன் 2-1 என வென்றது. மறு ஆண்டில் ஃபின்னிக்குப் பட்டாளத்து அழைப்பு வந்தது. கவசவாகனப் படையிற் சேர்ந்து எகிப்துக்கும், பின்னர் இத்தாலிக்கும் சென்றார். இத்தாலியில் டாங்கி ஓட்டினார். போர் முடிந்து லீக் தொடங்கிய 1946 ஆகஸ்டு 31 இல், லீட்ஸ் அணியுடன் நடந்த ஆட்டமே அவருக்கு முதல் லீக் ஆட்டம். அப்பொழுது அவருக்கு வயது 24. ஆட்டக்காரன் ஒருவனுடைய நல்ல பருவத்தில் ஆறு ஆண்டுகள் யுத்தத்துக்குப் போயின. அதைப்பற்றி அவர் முறையிட்டதாகத் தெரியவில்லை. அத்தலைமுறையார் எல்லாருக்கும் போயின அல்லவா?

ஒரு மாதம் கழியுமுன்னே செப்டம்பர் 28 இல் இங்கிலாந்து தேசத்து அணியில் இடம்பெற்றார். அது முதல் 1958 வரை 76 தேசாந்தர ஆட்டங்களில் 30 கோல் போட்டார். பிரெஸ்டனுக்காக லீகில் 433 ஆட்டங்களில் 187 கோல். வலப்புற ஓரம், இடப்புற ஓரம், நடுமுனை ஆகிய மூவிடங்களிலும் நின்று ஆடவல்லவராயிருந்தார். ஆட்டநாள் முழுவதிலும் நடுவர் ஒருமுறையேனும் அவர் பெயரைக் குற்றப்புத்தகத்திற் குறித்ததில்லை. எதிரிகள் அவரைக் காலில் உதைத்து வீழ்த்துவது சகஜமாயிருந்தும் இங்ஙனம் ஒழுகினார் என்பது கவனிக்கத்தக்கது.

ஈண்டு ஒரு பழைய வழக்கைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பிரெஸ்டனுக்கு மேற்கே கடற்கரையில் உள்ள பிளாக்பூல் கழகத்தில் ஸ்டான்லி மாத்யூஸ் என்னும் மற்றொரு வலப்புற வீரர் அக்காலத்தில் ஆடிவந்தார். இருவருள் யார் சிறந்தவர் என்பதில் லங்காஷயர் மக்கள் இரண்டு கட்சியாயினர். திருவிழாவில் இரண்டு நாகசுரக் கோஷ்டிகள் எதிரெதிரே நின்று வாசிக்கையில் ஊரார் இரு பக்கமாகப் பிரிந்து விடியுமளவும் தர்க்கிப்பதை நாம் கண்டிருக்கின்றோம், அதனோடொப்பது இது. தேர்வுக் கமிட்டியாரும் தத்தளித்தனர். 1947 மே மாதம் லிஸ்பன் நகரில் போர்ச்சுகல் அணியோடு ஆடியபோது, மாத்யூஸை வலப்புறத்திலும் ஃபின்னியை இடப்புறத்திலும் நிறுத்தினார்கள். இங்கிலாந்து 10-0 என வென்றது! வழக்கு அதனால் தீர்ந்திருக்கலாம், தீரவில்லை. மாத்யூஸ் வித்தை காட்டுதலில் வல்லவர். ஃபின்னி கோல் போடுதலிலும், தலையால் முட்டுதலிலும், பந்தைப் பறித்தலிலும் கூட வல்லவர் என்பது பிரெஸ்டன் கட்சியார் வாதம். பில் ஷாங்க்லி என்பவர் பிரெஸ்டன் அணியில் ஃபின்னியோடு ஆடி, பின்னர் லிவர்பூல் கழகத்தை நடத்திப் பெரும்புகழ் பெற்றவர். தடித்த மேற்சட்டை அணிந்து ஆடினும் எக்காலத்து எவ்வணியிலும் ஃபின்னி சிறந்தே விளங்குவார் என்று அவர் ஓயாமற் சொல்லி வந்தார். நாம் இருவரையும் பழைய படச்சுருள்களில் மாத்திரம் கண்டவராதலின் தீர்ப்புக் கூற முற்படவில்லை. எனினும் எண்களை நோக்குமிடத்துப் பிரெஸ்டன் கட்சியே நமக்கு வலிதாகத் தோன்றுகின்றது.

நிற்க. இனி நம் கட்டுரையின் முக்கிய விஷயத்துக்கு வருவோம்.

1948 மே மாதம் டூரின் நகரில் இங்கிலாந்து அணி இத்தாலியை 4-0 என வென்றபோது ஃபின்னி இரண்டு கோல் போட்டார். இத்தாலியர் அவரை மறக்கவில்லை. 1952 இல் சிசிலித் தீவின் பலெர்மோ கழகத்துத் தலைவராகிய ஒரு பிரபு, ஃபின்னி தம் கழகத்துக்கு வந்தால் கையொப்பத்துக்கு மாத்திரம் 10,000 பவுன் தருவதாகவும், மாதந்தோறும் 130 பவுன் சம்பளமும், கடற்கரையில் மாளிகையும், மோட்டார் காரும் அளிப்பதாகவும் சொல்லியனுப்பினார். இங்கிலாந்தில் அப்பொழுது ஆட்டக்காரர் எவருக்கும், அவர் எத்துணைச் சிறந்தவராயினும், ஆட்டப்பருவத்தில் வாரத்துக்கு 14 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுத்தலாகாது என்பது லீக் சட்டம். பத்தாயிரம் பவுன் என்பது அச்சம்பளத்தில் பதின்மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வருமானம்! ஃபின்னி தம் கழகத்துத் தலைவரிடம் இதைத் தெரிவித்தார். தலைவர் மறுத்தார். எங்களுக்கு ஆடாவிட்டால் வேறு எவருக்கும் ஆடமுடியாது என்பதே அவர் விடையின் சாரம். ஃபின்னி பிரெஸ்டனிலேயே இருந்துவிட்டார்.

இதனை ரசிகர்கள் எவ்வாறு சொல்லி வருகின்றனர்? பொன்னையும் மாளிகையையும் துச்சமெனத் தள்ளித் தம் ஊரையே நாடிய உத்தமர் என்கின்றனர். கேட்க இனிதாகவே இருக்கின்றது. தந்தை மகனுக்குச் சொல்லி, மகன் பேரனுக்குச் சொல்லி, அது ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. ஆனால் சரித்திரம் வேறாகும். அவர் தள்ளவில்லை, தள்ளும் உரிமையோ கொள்ளும் உரிமையோ அவரிடம் இல்லை. அவர் மனம் அந்த அழைப்பில் சிறிது சென்றதுண்டு என்பதைப் பிற்காலத்தில் அவரே மறைக்கவில்லை. குடும்பஸ்தர் ஒருவர் அத்தொகையைக் கேட்டுச் சிந்தியாதிருப்பின் அஃதன்றோ வியப்பு!

அக்காலத்து முறையை நேயர்கள் அறிதல் நன்று. ஆட்டக்காரர் ஒருவரின் பெயர்ப்பதிவு அவர் கழகத்தின் உடைமை. பருவம் முடிந்தவுடன் கழகத்தார் யாரை வைத்துக்கொள்வது, யாரை விற்பது என்று பட்டி தயாரிப்பர். வைத்துக்கொள்ளும் பட்டியில் உள்ளவர், ஒப்பந்தக் காலம் கழிந்த பின்னும், கழகத்தின் சம்மதமின்றி வேறெங்கும் ஆட இயலாது. கழகம் சம்பளம் கொடாமலே அவரை நிறுத்தி வைக்கவும் கூடும். நம் நாட்டுப் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதிக் கட்டிவைத்த காலத்தை அறிந்தோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. ஆனால் அங்கே கட்டுண்டிருந்தவர் பிள்ளைகள். இங்கே தேசத்தின் பெயரால் ஆடிய வீரர்கள்.

மீறிச் சென்றாருடைய கதியும் எல்லாரும் அறிந்ததே. 1950 இல் ஸ்டோக் கழகத்தின் நீல் ஃபிராங்க்லின் என்பவர், இங்கிலாந்து அணியில் நடுக்காவலராய் நின்ற பெருவீரர், உலக உதைபந்துச் சங்கத்தின் ஆணைக்கு அப்பொழுது உட்படாதிருந்த கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகருக்குப் பணத்தை நாடிச் சென்றார். அங்கே வாழ்க்கை ஒவ்வாது சில மாதங்களில் திரும்பினார். திரும்பியவரை ஆடவொட்டாது தடைவிதித்தனர். பின் தம் கழகத்துக்கோ தேசத்துக்கோ அவர் மறுபடி ஆடினாரல்லர். இச்சம்பவம் நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஃபின்னி அதனை அறியாரோ?

ஆகவே 1952 ஆம் ஆண்டுச் சம்பவத்தை ஊர்ப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அஃது ஓர் அநீதிக்குச் சான்று. ரசிகர்கள் தம் அன்பின் மிகுதியால் அந்த அநீதியை மாலையாக்கி அவர் கழுத்திலேயே சூட்டிவிட்டனர் என்று கூறுதல் மிகையன்று. மாலை சூட்டியவர் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் கழகத்தை நடத்திய கனவான்கள் இப்புராணத்தின் நிழலில் தப்பிவிட்டார்கள் என்பதை மாத்திரம் சொல்லாதிருக்க முடியவில்லை. ஆட்டக்காரர் சங்கத்தார் ஜிம்மி ஹில் என்பவர் தலைமையில் போராடியதன் பயனாக 1961 ஜனவரியில் சம்பள வரம்பு நீங்கிற்று. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், 1963 இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் முறை தொழிலை நியாயமின்றிக் கட்டுப்படுத்துவது எனத் தீர்ப்பளித்தார். ஃபின்னி ஆட்டத்தை விட்டது 1960 இல். விடுதலை ஒரு வருஷம் பிந்தி வந்தது. வரம்பு நீங்கிய அவ்வாண்டிலேயே ஃபுல்ஹம் கழகத்தின் ஜானி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுன் பெற்றார். ஃபின்னி ஆட்டநாளில் கண்ட உச்சச் சம்பளம் 20 பவுன்.

அப்படியாயின் ஊரார் அன்புக்கு ஆதாரமே இல்லையோ எனின், உண்டு. அதனை வேறிடத்தில் தேடல் வேண்டும்.

பலெர்மோ விஷயம் முடிந்தபின் அவர் எவ்வாறு ஆடினார் என்பது முதலாவது. மனக்கசப்புற்றவன் உடம்பை ஒதுக்கி ஆடுவது எளிது, கண்டுபிடிப்பாரும் இல்லை. பலெர்மோவிலிருந்து அழைப்பு வந்த மறு பருவமே, 1953 இல், பிரெஸ்டன் லீகின் சிகரத்தை எட்டிப்பார்த்தது. ஏப்ரல் 25 இல் முதலிடத்துக்குப் போட்டியிட்ட ஆர்செனலையே டீப்டேலில் 2-0 என வென்றனர். இறுதி ஆட்டத்தில் டெர்பி அணியை ஃபின்னியின் பெனால்டியால் 1-0 என வென்று 54 புள்ளிகளோடு முடித்தனர். ஆர்செனலுக்கு இன்னும் ஓர் ஆட்டம் மிச்சமிருந்தது. மே 1 இல் அதனை 3-2 என வென்று அவர்களும் 54 புள்ளி பெற்றனர். அக்கால முறைப்படி போட்ட கோல்களை விட்ட கோல்களால் வகுத்துப் பார்த்தனர். ஆர்செனல் போட்டது 97, விட்டது 64, ஈவு 1.516. பிரெஸ்டன் போட்டது 85, விட்டது 60, ஈவு 1.417. பத்தில் ஒரு பங்கால், அறுபது ஆண்டுக்கு மேலாக எதிர்பார்த்திருந்த பட்டம் நழுவிற்று. பிரெஸ்டனில் அந்த வகுத்தற் கணக்கு அறியாத பள்ளிப்பிள்ளை அவ்வாண்டில் இருந்திருக்க மாட்டான்.

அடுத்த ஆண்டு எஃப். ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். அதற்கு முந்தைய ஆண்டிலேதான் முதிர்ந்த வயதில் மாத்யூஸுக்கு அக்கோப்பை வாய்த்து நாடே மகிழ்ந்திருந்தது. இம்முறை ஃபின்னிக்கு என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். வெஸ்ட் பிராம்விச் அணியிடம் 3-2 எனத் தோற்றனர். அன்று ஃபின்னியின் ஆட்டம் சோபிக்கவில்லை; இதனைப் பிரெஸ்டன் பெரியோரும் ஒப்புக்கொள்வர், சிறிது தாழ்ந்த குரலில். 1958 இல் மீண்டும் லீகில் இரண்டாமிடம். யுத்தகாலக் கோப்பையையும், 1951 இல் இரண்டாம் வகுப்பில் பெற்ற முதலிடத்தையும் தவிர அவர் தம் கழகத்தோடு வென்ற பெரும்பரிசு ஒன்றும் இல்லை. தனி மனிதராக, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டத்தை 1954 இலும் 1957 இலும் பெற்றார். அதனை இருமுறை பெற்றவருள் அவரே முதல்வர்.

வென்றவரை எவரும் நினைப்பர். கைக்கெட்டியது வாய்க்கெட்டாது போன ஆண்டுகளை உடனிருந்து கழித்தவரிடத்து ஊரார்க்கு உண்டாகும் பற்று வேறு வகை. ஒரே வீட்டில் ஒரே துக்கத்தைப் பகிர்ந்தவர்களுக்குள் உண்டாகும் உறவு அது.

இரண்டாவது, அவர்தம் தொழில். தகப்பனார் வற்புறுத்திக் கற்பித்த குழாய் வேலையை அவர் கைவிடவில்லை. போருக்குப்பின் சகோதரரோடு சேர்ந்து அத்தொழிலைச் சொந்தமாக நடத்தினார். ஆட்டக்காரராயிருந்த காலத்திலும் நடத்தினார், அதன்பின் வெகுகாலமும் நடத்தினார். 'பிரெஸ்டன் பிளம்பர்' என்பதே பத்திரிகைகள் அவருக்கு இட்ட பெயர். சனிக்கிழமை மைதானத்தில் பல்லாயிரவர் ஆரவாரித்துப் போற்றிய மனிதர் திங்கட்கிழமை கைப்பெட்டியோடு வாயிலில் வந்து நின்று, ஒழுகும் குழாயை எங்கே என்று கேட்டால், அவ்வீட்டார்க்கு எப்படியிருக்கும்! தேவதை என்றும் சொல்ல முடியாது, சாமானியர் என்றும் சொல்ல முடியாது. இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் மதிலுக்குள் வாழ்கின்றனர்; அவர்கள்மேல் குறையில்லை, காலம் அப்படி. ஆயினும் அவர்களைப் பற்றி ரசிகர் சொல்லும் கதையில் ஆட்டம் மாத்திரம் இருக்கும். ஃபின்னியைப் பற்றிப் பிரெஸ்டனார் சொல்லும் கதையில் அடுப்படியும் கொல்லைப்புறமும் கலந்திருக்கும்.

மூன்றாவதே நமக்கு முக்கியமாகத் தோன்றுவது. 1960 ஏப்ரல் 30 இல் டீப்டேலில் லூட்டன் அணியோடு தம் இறுதி லீக் ஆட்டத்தை ஆடி விடைபெற்றார். அன்று முதல் அவர் எவருக்கும் கட்டுப்பட்டவரல்லர், எங்கும் போயிருக்கலாம். போகவில்லை. 1963 இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து டிஸ்டில்லரி கழகத்தார் வேண்ட, ஐரோப்பியக் கோப்பையில் பெரும்புகழ் வாய்ந்த பென்ஃபிகா அணியை எதிர்த்து 41 ஆம் வயதில் ஒருமுறை ஆடி, 3-3 எனச் சமனாக்கி வந்தார், அவ்வளவே. 1960 முதல் 2014 வரை 54 ஆண்டுகள், கட்டாயம் ஏதுமின்றி, பிறந்த ஊரிலேயே வாழ்ந்தார். நீதிஸ்தலத்தில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார். கழகத்தின் கௌரவத் தலைவரானார். ஊர்ப்பற்றுக்குச் சான்று வேண்டுவோர் 1952 ஐ விட்டு இந்த 54 ஆண்டுகளைக் காட்டுவாராக.

அவ்வாண்டுகள் கழகத்துக்கு நல்லனவாயிருந்தன என்று சொல்வதற்கில்லை. அவர் விலகிய மறுபருவமே, 1961 இல், அணி கடைசியிடம் பெற்று முதல் வகுப்பிலிருந்து கீழிறங்கிற்று. அவர் காலமாகும் வரையில் மீளவேயில்லை. 1986 இல் நான்காம் வகுப்பிலும் கடைக்கு மேலிடமாக, லீகின் 92 கழகங்களுள் 91 ஆவதாக நின்று, மற்றக் கழகத்தாரின் வாக்கினால் லீகில் தங்கும்படியாயிற்று. முதன்முதல் பட்டம் வென்ற கழகத்துக்கு இக்கதி! அவ்வருஷமே புல் மைதானத்தைப் பெயர்த்துச் செயற்கைத் தரை பரப்பினர். அக்காலத்தில் டீப்டேலுக்கு வந்த சிறுவனுக்குக் கண்ணெதிரே காணத்தக்கது சிறிதே இருந்தது. பக்கத்திலிருந்த பாட்டனார் சொல்லியதே அவனுக்கு ஆட்டம். ஓரத்திற் பந்தோடு வந்து, எதிரியின் எதிரே ஒரு கணம் நின்று, இடமோ வலமோ என்று அவன் மயங்குகையில் ஃபின்னி அவனைக் கடந்து போய்விட்டிருப்பார் என்று, கையை அசைத்துக் காட்டிச் சொல்லப்பட்ட கதைகளை உண்டு அத்தலைமுறை வளர்ந்தது. கழகம் நலிந்த காலத்திலேதான் ஃபின்னி பெரியவரானார் என்று நாம் கருதுகின்றோம்.

பின்னர்க் கழகம் ஓரளவு தலையெடுத்து, 1990-களில் புதிய பார்வையாளர் மண்டபத்தைக் கட்டியபோது அதற்கு அவர் பெயரையிட்டு, ஆசனங்களின் நிறவேற்றுமையாலேயே அவர் முகம் தோன்றும்படி அமைத்தனர். 1998 இல் அரசியார் அவருக்கு 'ஸர்' பட்டம் அளித்தார். 2004 இல் மைதானத்தின் வெளியே பீட்டர் ஹாட்ஜ்கின்சன் என்னும் சிற்பி சமைத்த வெண்கலச் சிலையை நிறுவினர். 1956 ஆகஸ்டில் லண்டனில் செல்ஸி அணியோடு ஆடுகையில், மழைநீர் தேங்கிய தரையில் ஃபின்னி பந்தைத் துரத்திச் சறுக்க, இருபுறமும் நீர் சிறகுபோல் எழும்பியதை ஒரு புகைப்படக்காரர் பிடித்திருந்தார். அப்படத்தையே சிலையாக்கி, நீரும் பீச்சியடிக்குமாறு செய்திருக்கின்றனர். நம் முன்னோர் ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டபோது அவன் கையில் வில்லையும் வாளையும் செதுக்கினர், வெற்றித்தேதியைக் கேட்டாரல்லர். இங்கும் கோப்பை தாங்கிய கோலமில்லை. தண்ணீரிற் சறுக்கும் கோலமே.

சிலை எழுந்த அதே 2004 ஆம் ஆண்டில் அவர் மனைவியார் எல்ஸி காலமானார். 1945 இல் மணந்தவர். நினைவை அழிக்கும் அல்ஸைமர் நோயால் பல்லாண்டு வருந்திய அம்மையாரை ஃபின்னியே உடனிருந்து பேணினார். நாடே நினைவிற்கொண்ட ஒருவர், தம்மை மறந்துகொண்டிருந்த மனைவிக்கு நாள்தோறும் பணிவிடை செய்தார். பிரெஸ்டன் தாய்மார் அவரைப் பற்றிப் பேசுங்கால் கோல்களை விட்டு இதனையே முதலிற் சொல்வாராயின், அதில் வியப்பொன்றும் இராது.

2014 பிப்ரவரி 14 இல், 91 ஆம் வயதில், ஃபின்னி உயிர்நீத்தார். மறுநாள் டீப்டேலில் ஆட்டம் இருந்தது. ஆட்டத்துக்கு வந்தோர் சிலையடியில் மலர்களையும் கழகத்தின் கழுத்துத்துணிகளையும் குவித்தனர். 27 ஆம் தேதி செயின்ட் ஜான் மின்ஸ்டர் ஆலயத்தில் இறுதிச்சடங்கு நடந்தது. சவ ஊர்தி சென்ற வழியில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நின்று கைதட்டினர். துக்கத்தில் கைதட்டுதல் அந்நாட்டு உதைபந்து ரசிகர் வழக்கம். அவர் ஆடியதைக் கண்ணாற் கண்டு நினைவிற்கொள்ளும் வயதுடையவர், கணக்குப் பார்த்தால், அன்று அறுபதை அணுகினோரும் கடந்தோருமே. மற்றையோர் பாட்டனார் கையசைத்துக் காட்டியதை மாத்திரம் கண்டவர்கள். அவர்களும் நின்றனர், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு.